ஐந்நூறு சி.சி. மண்ணில் இறங்கிய கதை

திருகோணமலையில் நாலு இளைஞர் கூடி ட்ரெயில் பைக் பற்றிப் பேசத் தொடங்கினால் முதற்கேள்வி "எத்தினை சி.சி.?" என்பதாகத்தான் இருக்கும். 250 என்றால் ஒரு தலையாட்டல். 400 என்றால் குரலில் ஒரு மரியாதை. 650 என்றால் எல்லோரும் எழுந்துபோய் அந்த பைக்கைச் சுற்றிப் பார்ப்பார்கள். அந்த ஆசை நியாயமானது. பெரிய ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம் ஆறுதலாக அடிக்கும் அடி நெஞ்சுக்குள் இறங்கக்கூடியது. ஆனால் அந்தப் பெரிய இலக்கம் எதற்காக மண்ணுக்கு வந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. வேகத்துக்காக வந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். அது வந்ததோ தூரத்துக்காக. இதை அறிந்தவருக்கு, எந்த பைக்கை வாங்குவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

சேற்றில் தேறிய புல்லட்

தமிழர் எவருக்கும் பழகிய பெரிய ஒற்றைச் சிலிண்டர் பைக் புல்லட். இன்று அது காப்பெற் வீதியில் நிமிர்ந்து போகும் பைக். அதன் பிறப்போ சேற்றில். இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இருந்த ரோயல் என்ஃபீல்ட் நிறுவனம், பின்சில்லு மேலும் கீழும் அசையும்படி ஸ்பிரிங் வைத்த புதிய புல்லட்டை 1948இல் சேற்றுப் போட்டிகளில்தான் முதலில் இறக்கிப் பார்த்தது. பின்சில்லுக்கு ஸ்பிரிங் வைத்தால் மண்ணில் பிடிமானம் போய்விடும் என்று அன்றைய ஓட்டுநர்கள் பலர் உறுதியாக நம்பியிருந்தார்கள். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில், வெற்றி பெற்ற பிரித்தானிய அணியில் இரண்டு புல்லட்டுகள் ஓடின. இரு ஓட்டுநர்களும் தங்கப்பதக்கத்தோடு திரும்பினார்கள். பின்னர் 1952இலும் 1957இலும் ஜொனி பிரிட்டன் 350 சி.சி. புல்லட்டில் ஸ்கொட்லாந்து ஆறு நாள் போட்டியை வென்றார்.

சேற்றுப் போட்டிகளும் ஸ்கொட்லாந்துப் போட்டியும் விரைந்து ஓடுவதற்கானவை அல்ல. வழுக்குப் பாறை, ஓடைப் படுக்கை, செங்குத்தான சேற்று ஏற்றம் ஆகியவற்றைக் கால் ஊன்றாமல் கடப்பதே அங்கே திறமை. நீண்ட ஸ்ட்ரோக்கும் கனத்த பிளைவீலும் கொண்ட இயந்திரத்துக்கு அது தோதான இடம். குறைந்த சுழற்சியிலும் அது நின்றுவிடாது. ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையில் ரயர் மண்ணைப் பற்றிக்கொள்ளும். பெரிய இயந்திரத்தின் முதல் நற்பண்பு குதிரைவலு அல்ல, இழுவை என்பதை அந்தச் சேறு காட்டிக்கொடுத்தது. 1955இல் இந்த புல்லட்டை உருவாக்கும் வேலை சென்னைக்கு வந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. அந்தக் கிளையின் கதையைப் பிறகு பார்ப்போம்.

பாரம் தோற்ற காலம்

1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் 500 சி.சி. மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை ஜெஃப் ஸ்மித் வென்றார். அவர் ஓட்டியது பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் நாலு ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டர் பைக். 1966இல் அந்தப் பட்டம் கைமாறியது. கிழக்கு ஜேர்மனியரான பவுல் பிரீட்ரிக்ஸ், செக்கோஸ்லோவாக்கியாவின் சி.இசட். பைக்கில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அதை வைத்துக்கொண்டார். அது இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரம்.

காரணம் எளிது. இரண்டு ஸ்ட்ரோக்கில் வால்வு இல்லை, கேம் இல்லை, அவற்றை ஓட்டும் செயின் இல்லை. அதனால் பாரம் குறைவு. நாலு ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும், இது ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். அரைமணி, முக்கால் மணி நேரம் ஒரே வட்டத்தைச் சுற்றிப் பாய்ந்து ஓடும் போட்டியில் எடை குறைந்தவனே ராசா. எழுபதுகளின் தொடக்கத்தில் பி.எஸ்.ஏ. நிறுவனமும் சரிந்து விழுந்தது. மண்ணுக்கும் பெரிய நாலு ஸ்ட்ரோக்குக்கும் இருந்த உறவு முடிந்தது என்றுதான் அந்தத் தொழிலில் இருந்தோர் எண்ணினார்கள். அதை மீட்டுக் கொண்டுவந்தது இரண்டு பாலைவனங்கள்.

முதற் பாலைவனம்: பாஹா

மெக்சிக்கோவின் மேற்கில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் பாஹா கலிபோர்னியா. 1962 மார்ச் மாதம் டேவ் ஈக்கின்ஸ், பில் ரொபர்ட்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அதன் வடமுனையான திஹுவானாவிலிருந்து தெற்கே லா பாஸ் வரை ஏறத்தாழ 1,500 கிலோமீற்றரை 250 சி.சி. ஹொண்டா சி.எல்.72 பைக்குகளில் ஓடிக் கடந்தார்கள். அமெரிக்காவில் புதிதாகக் கால் வைத்திருந்த ஹொண்டா நிறுவனம், தன் பைக்கின் உறுதியை நாட்டுக்குக் காட்ட ஏற்பாடு செய்த ஓட்டம் அது. புறப்பட்ட நேரத்துக்கும் சேர்ந்த நேரத்துக்கும் சாட்சி, இரு முனைகளிலும் இருந்த தந்தி அலுவலகங்கள். ஈக்கின்ஸ் 40 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே லா பாஸ் சேர்ந்தார். அந்தத் தடத்தைப் பின்பற்றி 1967இல் தொடங்கிய போட்டிதான் இன்றைய பாஹா 1000.

பாஹாவில் புதிதாக ஒன்று தெளிவாயிற்று. போட்டித் தளத்தில் பைக் பழுதானால் பத்து நிமிடம் நடந்து வீடு சேரலாம். பாலைவனத்தில் பழுதானால் உயிர்ப் பிரச்சினை. அங்கே தேவை நாள் முழுக்க ஒரே சீராக ஓடக்கூடிய, எரிபொருளை அளந்து குடிக்கக்கூடிய, எரிபொருளோடு எண்ணெய் கலக்கும் வேலை இல்லாத இயந்திரம். நாலு ஸ்ட்ரோக்குக்கு மீண்டும் ஒரு தொழில் கிடைத்தது. 1972இல் ஹொண்டா, நான்கு வால்வு கொண்ட எக்ஸ்.எல்.250 பைக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் ஹொண்டா அந்தப் பாலைவனத்தின் பெயரையே தன் 250 பைக் ஒன்றுக்கு இட்டது. இரண்டு பெரிய முன்விளக்குகளோடு இலங்கை வீதிகளில் இன்றும் ஓடும் பாஹா அதுதான். இரவு முழுக்கப் பாலைவனத்தில் ஓட வேண்டியிருந்ததால் வந்த விளக்குகள் அவை.

499 சி.சி.

எழுபதுகளின் நடுவில் யமஹாவிடம் அமெரிக்கச் சந்தை ஒன்றைக் கேட்டது: பழைய பிரித்தானிய ஒற்றைச் சிலிண்டர் பைக்கின் இழுவை வேண்டும், அதன் எண்ணெய்க் கசிவும் அடிக்கடி வரும் பழுதும் வேண்டாம். யமஹாவுக்கு அது எளிய வேலை அல்ல. அதன் புகழின் பெரும்பகுதி இரண்டு ஸ்ட்ரோக்கில் கட்டப்பட்டிருந்தது. 1968இல் வந்த 250 சி.சி. டி.டி.1 உலகெங்கும் ட்ரெயில் பைக் என்ற வகையையே பரப்பியிருந்தது. இருந்தும் அவர்கள் வெற்றுத்தாளில் தொடங்கினார்கள். 87 மில்லிமீற்றர் போர், 84 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக், 499 சி.சி. 1976இல் சந்தைக்கு வந்தது எக்ஸ்.ரி.500.

அந்த பைக்கில் இருந்த ஒவ்வொரு தீர்வும் மண்ணை நினைத்துச் செய்தது. இயந்திர எண்ணெயைத் தாங்க அடியில் பெரிய தொட்டி வைத்தால் பாறையில் இடிபடும். எனவே பைக்கின் சட்டகக் குழாய்க்குள்ளேயே எண்ணெயைச் சேமித்தார்கள். இயந்திரம் குட்டையாகி, நிலத்துக்கும் அதற்கும் இடைவெளி கூடியது. 500 சி.சி. ஒற்றைச் சிலிண்டரைக் காலால் உதைத்து ஸ்டார்ட் செய்வது சிரமம், தவறான இடத்தில் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். அதற்காக அழுத்தத்தை விடுவிக்கும் சிறு நெம்பு கைபிடியில் இருந்தது. சிலிண்டர் தலையில் ஒரு சிறிய கண்ணாடிச் சாளரமும் இருந்தது. பிஸ்டன் சரியான இடத்துக்கு வந்ததை அதில் தெரியும் அடையாளத்தைப் பார்த்து அறிந்துகொண்டு உதைக்கலாம். முறை தெரிந்தவருக்கு அது ஒரே உதையில் எழும்.

குதிரைவலு ஏறத்தாழ 30. எடை எண்ணெயும் பெற்றோலும் இல்லாமல் 140 கிலோவை ஒட்டியது. இந்த இரண்டு இலக்கங்களையும் நினைவில் வைத்திருங்கள். பெரிய டேர்ட் பைக் என்று உலகம் கொண்டாடிய மூலவருக்கு இருந்த வலு அவ்வளவுதான்.

இரண்டாம் பாலைவனம்: சகாரா

1977இல் அபிஜானிலிருந்து நீஸ் வரை நடந்த ஆபிரிக்கப் போட்டியொன்றில், தியெரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் எக்ஸ்.ரி.500 ஓட்டிக்கொண்டு லிபியப் பாலைவனத்தில் வழி தவறினார். தண்ணீரும் இல்லாமல் கிடந்தவரைத் தேடி வந்த விமானம் கண்டெடுத்தது. உயிரோடு ஊர் திரும்பியவர் பாலைவனத்தை வெறுக்கவில்லை. மற்றவர்களையும் அங்கே அழைத்துச் செல்ல முடிவெடுத்தார். 1978 டிசம்பர் 26ஆம் திகதி பாரிசில் 182 வாகனங்கள் புறப்பட்டன. செனகலின் தக்கார் நகரம் வரை 10,000 கிலோமீற்றர். பாதிக்கும் குறைவானவையே போய்ச் சேர்ந்தன. முதலில் வந்தவர் சிறில் நெவூ என்ற இளைஞர், எக்ஸ்.ரி.500இல். அடுத்த ஆண்டும் அவரே, அதே பைக்கில்.

பெரிய டேர்ட் பைக் ஒரு தனி இனமாக ஆனது அங்கேதான். கார்களும் லொறிகளும் கூட ஓடிய அந்தப் போட்டியில், 30 குதிரைவலு கொண்ட இரண்டு சில்லு முன்னால் வந்தது. பெற்றோல் கிடைக்காத இடைவெளிகளைத் தாண்ட, 1983இல் யமஹா ஏறத்தாழ 30 லீற்றர் கொள்ளும் தாங்கியோடு எக்ஸ்.ரி.600 தெனேரேயைக் கொண்டுவந்தது. பி.எம்.டபிள்யூ. 1980இல் ஆர்.80 ஜி.எஸ். என்ற 798 சி.சி. பைக்கோடு இறங்கி, 1981இல் தக்காரை வென்றது. 1988இல் சுசுக்கி 727 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் பைக்கையும், அதன்பின் 779 சி.சி. வரை பெருத்த அதன் தம்பியையும் செய்தது.

அமெரிக்காவின் பாதை வேறு. 1985இல் வந்த ஹொண்டா எக்ஸ்.ஆர்.600ஆர் பெரிய தாங்கியோ காற்றுத் தடுப்போ இல்லாத சுத்தமான மண் பைக். பாஹாப் போட்டிகளிலும் அது வென்றது. காட்டு மரங்களுக்கிடையே ஓடும் தேசியத் தொடரை ஸ்கொட் சமர்ஸ் அதே பைக்கில் ஐந்து முறை வென்றார். கனமான பைக்கைக் காட்டில் ஓட்டலாமா என்று கேட்பவருக்கு அது நல்ல சான்று. அதோடு, அந்த பைக்கை அப்படி ஓட்ட சமர்சின் உடல் வலுவும் பயிற்சியும் வேண்டும் என்பதற்கும் அதுவே சான்று.

பிறகு மீண்டும் திருப்பம். தக்காரில் இயந்திரங்கள் பெருத்து வேகம் அபாயகரமானபோது, போட்டி நடத்துவோர் 2011 முதல் மோட்டார் சைக்கிள்களுக்கு 450 சி.சி. என்று எல்லை வகுத்தார்கள். பெரிய இயந்திரத்தை உலகுக்கு அறிமுகம் செய்த அதே போட்டி, அதைவிடச் சிறியதே போதும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த 450 சி.சி. பைக்கில்தான் 2015இல் சி.எஸ். சந்தோஷ் தக்காரை முடித்த முதல் இந்தியரானார். 2024இல் கேரளத்தைச் சேர்ந்த ஹரித் நோவா, டி.வி.எஸ். அணிக்காக ஓடி, ராலி 2 பிரிவில் முதலாவதாக வந்தார். டி.வி.எஸ். நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டு ஓசூரில் தொழிற்சாலை உண்டு.

சென்னை திரும்பவும் மண்ணுக்கு

இனி புல்லட்டின் கிளைக்கு வரலாம். ரெடிச் தொழிற்சாலை மூடிப்போன பிறகும் சென்னையில் ரோயல் என்ஃபீல்ட் தொடர்ந்து உயிரோடு இருந்தது. 2016இல் அந்தச் சென்னை நிறுவனம் ஹிமாலயன் என்ற பைக்கை வெளியிட்டது. 411 சி.சி., 78 மில்லிமீற்றர் போர், 86 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக். போரைவிட ஸ்ட்ரோக் நீளம். 1948 சேற்றில் தேறிய அதே தத்துவம். குதிரைவலு 25ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் இழுவை தாழ்ந்த சுழற்சியிலேயே கிடைத்தது. முன்னால் 21 அங்குலச் சில்லு, இருக்கை உயரம் 800 மில்லிமீற்றர். லடாக் மலைப்பாதையில் மூட்டை முடிச்சோடு நாள் முழுக்கப் போகும் மனிதரை மனத்தில் வைத்து வரைந்த பைக் அது. 2023 இறுதியில் அதன் இடத்துக்கு வந்த ஹிமாலயன் 452 சி.சி., திரவக் குளிர்ச்சி, 40 குதிரைவலு, பெற்றோலோடு 196 கிலோ.

பாஹா, சகாரா, இமயம் என்று மூன்று நிலங்களிலும் பெரிய இயந்திரத்தைப் பிறப்பித்தது நீண்ட வழி. குறுகிய வட்டத்தில் அது இறுதியில் இலேசானதிடம் தோற்றது. தூரம் இயந்திரத்தைப் பெரிதாக்கும், மண் அதைச் சிறிதாக்கும். எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றைப் பிழிந்தால் கிடைக்கும் சாறு இதுதான்.

திருமலை மண்ணுக்கு எது?

இந்த அளவுகோலை நம் மாவட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். வடக்கே நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை வரை கடலோர மணல். மேற்கே தம்பலகாமம், கந்தளாய் வயல்வெளிகளும் குளக்கட்டுகளும். தெற்கே கொட்டியாரக்குடாவில் மகாவலி விழும் முகத்துவாரம், மூதூர், வெருகல். ஒருகாலத்தில் மட்டக்களப்பு வீதியில் போகிறவர் துறைக்குத் துறை பாதைப்படகுக்காகக் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. நெடும்பயணத்துக்கு இப்போது நல்ல வீதி இருக்கிறது. மண் மிஞ்சியிருப்பது கிளைவழிகளில்தான். அந்த வழிகள் ஒவ்வொன்றும் குறுகியவை.

கடற்கரை மணலில் முன்சில்லு புதையும். உடலைப் பின்னுக்குச் சாய்த்து, திரொட்டிலை விடாமல் பிடித்து, முன்சில்லை மிதக்க விட வேண்டும். பெரிய இயந்திரத்தின் இழுவை இதற்கு உதவும். ஆனால் நின்றுவிட்டால் அதே எடை பின்சில்லைத் தோண்டிப் புதைத்துவிடும். மாரிமழையில் வயலோரக் களி ரயர் பல்லுகளை அடைத்து வழவழப்பாக்கிவிடும். அங்கே 190 கிலோ பைக் ஒருமுறை சரியத் தொடங்கினால் காலால் தாங்க முடியாது. களப்போரத் தண்ணீரைக் கடக்கும்போது காற்று உள்ளிழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது சி.சி.யைவிட முக்கியம். அதன் வழி தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் கொன்ரொட் வளையும். கச்சான் காற்று அடிக்கும் வெயிலில் மணலில் முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்தால், காற்றால் குளிரும் பெரிய இயந்திரம் விரைவில் சூடேறும்.

எனவே கிண்ணியாவிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ புறப்பட்டு அரைநாளில் வீடு திரும்பும் மண் ஓட்டத்துக்கு 200 முதல் 250 சி.சி. வரையான இலேசான பைக்கே சரி. யாழ்ப்பாணம், மலையகம், அறுகம்பை என்று பையைக் கட்டிக்கொண்டு நாட்கணக்கில் போய், இடையில் கிரவல் வீதியும் காட்டுவழியும் ஓட நினைப்பவருக்கு 400 சி.சி.க்கு மேற்பட்டது பொருந்தும். 650 சி.சி. வாங்கும் வாய்ப்புக் கிடைத்தால், முதலில் இருக்கை உயரத்தைப் பாருங்கள். ஹொண்டா எக்ஸ்.ஆர்.650எல் பைக்கின் இருக்கை ஏறத்தாழ 940 மில்லிமீற்றர். நம் சராசரி உயரத்தில் உள்ள ஒருவருக்கு இரு காலும் நிலத்தில் ஊன்றாது. சமதரையில் சமாளிக்கலாம். சரிந்த மண்ணில் நிறுத்தும்போது விழுவோம்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பைக்கைப் புல்தரையில் மெல்லச் சரித்துப் படுக்க வையுங்கள். முதுகை அதற்குக் கொடுத்து, கைபிடியையும் இருக்கைக்கு அடியிலுள்ள கம்பியையும் பிடித்து, கால்வலுவால் தனியே நிமிர்த்துங்கள். அடுத்தடுத்து மூன்று முறை முடிந்தால் அது உங்கள் பைக். ஒரு முறைக்கே மூச்சு வாங்கினால், காட்டுக்குள் தனியே விழும் நாளில் அது உங்களைக் கைவிடும். கந்தளாய்ப் பக்கக் காட்டில் மாலையில் யானை நடமாட்டம் உண்டு. பைக்கை நிமிர்த்த முடியாமல் நிற்பதற்கு அது நல்ல இடமல்ல.

அடுத்தது உதிரிப்பாகம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நம் நாட்டு ட்ரெயில் பைக்குகளை ஓடவைத்தவர்கள் ஊர்க் கராஜ் மெக்கானிக்குகள். அவர்களுக்குத் தெரிந்த இயந்திரமே உங்களுக்கும் பாதுகாப்பு. பிஸ்டன் ரிங், கிளச் பிளேட், கேபிள் ஆகியவை எங்கே கிடைக்கும் என்று விசாரித்த பிறகு விலை பேசுங்கள். வாங்கிய பின் உப்புக்காற்றை மறக்க வேண்டாம். கடற்கரை ஓட்டம் முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் போட்டு, ஏயர் பில்டரில் ஏறிய மணலை அகற்ற வேண்டும். நுண்மணல் உள்ளே போனால் 650 சி.சி. சிலிண்டரும் தேயும்.

இன்னொன்றையும் மனதாரச் சொல்ல வேண்டும். வயல் வரம்பு ஒரு விவசாயியின் உழைப்பு, நம் ஓட்டப்பாதை அல்ல. கொக்கிளாய் சரணாலயம் 1951 முதல் பறவைகளுக்கென்று ஒதுக்கிய நிலம். பெரிய ரயர் ஒரு மாரியில் தோண்டும் சாலில் வெள்ளம் ஓடி, அடுத்த மாரியில் அது வாய்க்காலாகிவிடும். மண்ணை நேசித்துத்தான் இந்த பைக்கை வாங்குகிறோம். அந்த மண்ணுக்குச் சொந்தக்காரரிடம் கேட்டு ஓட்டுவது அந்த நேசத்தின் முதல் அடையாளம்.

உலகத்தின் முதல் தக்காரை வென்றது 30 குதிரைவலு. இமயத்தை ஏறிய முதல் ஹிமாலயனில் அதுவும் இல்லை. ஆகவே சி.சி. கேள்வி கடைசியில் வரட்டும். எந்த நிலம், எவ்வளவு தூரம், விழுந்தால் யார் தூக்குவது என்ற மூன்றுக்கும் விடை சொல்லிவிட்டால், உங்களுக்கு வேண்டிய சி.சி. தானாகவே தெரிந்துவிடும். அது நண்பர்கள் எழுந்துவந்து பார்க்கும் இலக்கமாக இல்லாமல் போகலாம். ஆனால் புல்மோட்டை மணலிலும் வெருகல் சேற்றிலும் உங்களை ஏற்றிச் சென்று, பொழுது சாயுமுன் வீட்டில் கொண்டுவந்து விடும் இலக்கம் அதுவாகவே இருக்கும்.